ஒட்டுப் போட்ட சொல்

காலி அறையில் பதிவு செய்த ஒலியில், நாற்பத்தோராவது நொடியில், யாரோ பல்லால் நூலைக் கடித்து அறுத்தார்கள்.

கத்திரி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டான். அலுவலகத்தில் அவனுக்கு அதுதான் பெயர். பதினெட்டு வருடமாக எடிட்டிங் மேசையில் அடுத்தவர் வாழ்க்கையை நறுக்குகிறவனை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? ஒவ்வோர் அறைக்கும் தனக்கென்று ஒரு மௌனம் உண்டு என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஃப்ரிட்ஜின் முனகல், ஏசியின் இழுப்பு, சுவருக்குள் தண்ணீர்க் குழாயின் மெல்லிய இரைச்சல் எல்லாம் கலந்த மௌனம். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு அதை ஒரு நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொள்வார்கள். ஒருவர் பேச்சை வெட்டி வேறிடத்தில் ஒட்டும்போது மேலே அதைப் பூசிவிட்டால் ஒட்டு தெரியாது. கோப்பின் பெயர் ‘வெறும் அறை’. இந்த சீசனில் நூறு தடவையாவது அதைப் பூசியிருப்பான். அதில் யாரும் நூல் கடித்ததில்லை.

டிக்.

நிகழ்ச்சி நடந்த அந்த வீட்டில், போட்டியாளர்களில் நூல் கடிக்கிறவள் ஒருத்திதான். தையலக்கா. அவள் செத்து மூன்று வாரம் ஆகிறது.

மதியம் மூன்றரை மணி. ஜன்னல் இல்லாத அறை என்பதால் அது கடிகாரத்துக்கு மட்டுமே தெரியும். தொண்ணூறு நாள், பன்னிரண்டு பேர், ஒரு வீடு என்று ஊரே வாய் பிளந்து பார்த்த நிகழ்ச்சி அது. அந்த வீட்டில் பகல் பன்னிரண்டுக்குத்தான் விடியும். பறவைகள் கூவுவது இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து. வீட்டிலிருந்து வந்த கண்ணீர்க் கடிதங்களைக் கதைக்குழு எழுதியது. பெரிய சண்டை மூன்று டேக் போனது, முதல் இரண்டில் தட்டு சரியாக உடையவில்லை என்று. அழுகை மட்டும் சில நேரம் அசல், அதுவும் இரண்டு ராத்திரி தூங்கவிடாமல் வரவழைத்தது. கத்திரி இதற்கெல்லாம் கூச்சப்பட்டதில்லை. வாடிய காய்க்குத் தண்ணீர் தெளித்து அடுக்குகிற கடைக்காரன் கூச்சப்படுகிறானா என்ன?

தையலக்கா விஷயத்தில் தயாரிப்பாளர்தான் ஆரம்பித்தார்.

“அந்தம்மா ரொம்ப நல்லவங்களா இருக்காங்கடா கத்திரி. நல்லவங்கள எவன் பார்ப்பான்? ஏதாவது பண்ணு.”

“அவங்க வாயில ஒரு கெட்ட வார்த்தை கூட வரல சார்.”

“நாம என்ன பொய்யா சொல்லப்போறோம்? அவங்க சொன்னதையே கொஞ்சம் இடம் மாத்தி வைக்கிறோம். அவ்ளோதான்.”

அறுபதாம் நாள் அவள் சோபாவில் உட்கார்ந்து கேமராவிடம் கெஞ்சியிருந்தாள்: “ஜெயிக்கிறது கெடக்கட்டும். என் பொண்ணு எனக்கு வேணும். என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்க.” அன்று காலை டீ நீட்டியவனிடம் “வேணாம்பா” என்று சொல்லியிருந்தாள். கத்திரி ‘வேணும்’ என்பதிலிருந்து ‘ணு’வைப் பிடுங்கிவிட்டு ‘வேணாம்பா’விலிருந்து ‘ணா’வை நட்டான். நாலு நிமிட வேலை. ‘ணு’வுக்கு உதடு குவியும், ‘ணா’வுக்கு விரியும், அந்த அரை நொடிக்கு மட்டும் டீக் கோப்பையைக் காட்டினான். மேலே ஒரு பூச்சு, வெறும் அறை.

என் பொண்ணு எனக்கு வேணாம்.

மகள் அதை ஹாஸ்டல் டிவியில், நாற்பது பெண்கள் நடுவில் உட்கார்ந்து பார்த்தாள். அம்மா வெளியே வந்து தினமும் போன் செய்தாள். மகள் எடுக்கவில்லை. ஒருநாள் கடையில் தையல் மெஷின் மேலேயே அம்மாவின் தலை சாய்ந்தது. பக்கத்துக் கடைக்காரர் போய்ப் பார்த்தபோது, கால் பெடலை அழுத்தியபடியே இருக்க, ஊசி துணியில்லாமல் ஓடிக்கொண்டிருந்ததாம்.

அந்த மகள் இப்போது வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

“சண்டை போட வரலண்ணா,” என்றாள் வந்தவுடனே. “அம்மா நெஜமாவே அப்படிச் சொன்னாங்களா? அதை மட்டும் காட்டிடுங்க. சொல்லியிருந்தாலும் பரவால்ல.”

அவள் கத்தியிருந்தால் கத்திரி சமாளித்திருப்பான். அந்த ‘பரவால்ல’தான் அவனை அறுத்தது. ஐந்து மணிக்கு அசல் பதிவுகள் முழுவதையும் அழித்துவிடச் சொல்லித் தயாரிப்பாளர் உத்தரவு. “வெட்டாதது இருக்கும்மா. உட்காரு, காட்டுறேன்,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான். பழக்கதோஷத்தில் விரல் முதலில் ‘வெறும் அறை’யைத் திறந்தது. அங்கேதான் அந்த டிக்.

ஏதோ இரைச்சல் என்று தேற்றிக்கொண்டு அறுபதாம் நாளைத் திறந்தான். கேமரா நாலு. வெட்டுப்படாத ஒரே நீளம். சோபா. மங்கிய மஞ்சள் புடவை. தையலக்கா விரலில் ஊசி குத்திய வடுக்கள் கூடத் தெரிந்தன.

“ஜெயிக்கிறது கெடக்கட்டும். என் பொண்ணு எனக்கு...” டிக். “வேணாம்.”

ஒளிபரப்பானதைத்தான் தவறித் திறந்துவிட்டோம் என்று நினைத்தான். இல்லை. டீக் கோப்பை வரவில்லை. முகம் முழுதாகத் தெரிந்தது. உதடு குவிந்தது, சத்தம் விரிந்தது.

கேமரா ஆறு. வேணாம். கேமரா ஒன்பது. வேணாம்.

அவன் ஒட்டுப் போட்டது பிரதியில்தான். அசலை அவன் தொட்டதே இல்லை.

சரி, வேறெங்காவது ஒரு ‘வேணும்’ இருக்கும். எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிடலாம். வைக்கத் தெரியாதவனா? பன்னிரண்டாம் நாள், “ஒரு ஊசி வேணும்பா” என்று கேட்டது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. தேடி ஓட்டினான். “ஒரு ஊசி,” டிக், “வேணாம்பா.” இருபதாம் நாள். “கொஞ்சம் தூக்கம்,” டிக், “வேணாம்.” முப்பத்துமூன்று. “வெளிச்சம் வேணாம்.” நாற்பத்தெட்டு. “யாராச்சும் பேச்சுத்துணைக்கு வேணாம்.”

“ஒண்ணே ஒண்ணுக்கா,” என்று திரையிடம் முனகினான். “ஒரே ஒரு வேணும். அது போதும். வேற எதுவும் கேக்க மாட்டேன்.”

திரையில் தையலக்கா நிமிர்ந்தாள். கேமராவைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். கையில் நூல் இல்லை. பல் மட்டும் கடித்தது.

டிக்.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தான். மௌனம் நிற்கவில்லை. ஃப்ரிட்ஜின் முனகல். குழாயின் இரைச்சல். இந்த அறையில் ஃப்ரிட்ஜ் கிடையாது. குழாயும் கிடையாது.

கதவு தட்டும் ஓசை. திறந்தான்.

“கிடைச்சுதாண்ணா?”

சொல்லிவிட வேண்டியதுதான். படம் எதற்கு, வாய் இருக்கிறதே. நீ வேணும்னுதாம்மா சொன்னாங்க, நான்தான் மாத்தினேன். ஒரே மூச்சு. அப்புறம் அவள் செருப்பைக் கழற்றி அடித்தாலும் சரி. அவன் வாயைத் திறந்தான்.

“நீ...”

தொண்டைக்குள் ஏதோ அறுந்தது. டிக்.

“...வேணாம்.”

அவன் குரல்தான். நடுவில் ஓர் எழுத்து மட்டும் அவனுடையதில்லை. தலையை உதறினான். அவள் கையைப் பிடித்தான். மறுபடி. வேணாம். மறுபடி. வேணாம். அவன் கண்ணில் நீர் கொட்டியது.

அம்மா சொன்னதைத்தான் சொல்கிறான், அழுவது இரக்கத்தில் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள்.

“சரிண்ணா. அழாதீங்க. இவ்ளோ நேரம் தேடினீங்களே, அதுவே பெருசு.”

வராந்தாவில் செருப்புச் சத்தம் தேய்ந்தது. படி. இன்னொரு படி. பின்னாலிருந்து அவன் கத்தினான். வாயில் வந்தது ஒரே சொல். காலடிகள் வேகமாயின.

திரும்பினான்.

திரையில் தையலக்கா சோபாவிலிருந்து எழுந்து திரைக் கண்ணாடிக்கு வெகு அருகில் வந்திருந்தாள். கண்கள் அவனைத் தாண்டி, திறந்த கதவைத் தாண்டி, படிக்கட்டின் பக்கம் பார்த்தன. வாய் அகலமாய் விரிந்தபடி உறைந்திருந்தது. ஊசி குத்திய இரண்டு கை விரல்களாலும் உதட்டின் ஓரங்களைப் பிடித்து, பிய்ந்துவிடும் அளவுக்கு அழுத்தி, அவள் அதைக் குவிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.