யாரும் பார்க்காத ஊர்

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு நல்ல பெயர் உண்டு. வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வண்டு மரத்தைக் குடைகிற மாதிரி எதையும் குடைந்து குடைந்து கேட்பாள். அதனால் அவள் வண்டு. தம்பி குட்டான் கேள்வியெல்லாம் கேட்க மாட்டான். எதைக் கண்டாலும் கடித்துப் பார்ப்பான், அவ்வளவுதான்.

அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். இருவரும் விவாகரத்து வாங்கிக்கொண்டு ஒரே ஊரில் தனித்தனி வீட்டில் இருந்தார்கள். பிள்ளைகள் அம்மாவோடு. புதன்கிழமை சாயங்காலம் அப்பா வந்து பூங்காவுக்கு அழைத்துப் போவார். ஞாயிறு முழுக்க அப்பா வீடு.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வேறு ஊர்க் கண் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு வேலை கிடைத்ததும் வந்தது வினை.

"பிள்ளைங்களை அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டேன்" என்றார் அப்பா.

"இவ்வளவு நல்ல வேலையை எப்படி விடறது?" என்றாள் அம்மா.

வழக்கு குடும்ப நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதியைப் பார்க்கும் முன் பேசிப் பார்க்கச் சொல்லி, ஆலோசகர் அறைக்கு நால்வரையும் அனுப்பினார்கள். அம்மா ஒரு கோடியில் உட்கார்ந்தாள், அப்பா மறு கோடியில்.

வண்டுதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஆன்ட்டி, அப்பாகிட்ட கேட்காம அம்மா எங்களைக் கூட்டிட்டுப் போகக் கூடாதா?"

"கூடாதும்மா. உங்க விஷயத்துல ரெண்டு பேருக்கும் உரிமை இருக்கு. ரெண்டு பேரும் ஒத்துக்கணும். இல்லேன்னா நீதிபதி முடிவு சொல்வார்" என்றார் ஆலோசகர்.

"அப்ப, அம்மாவா அப்பாவான்னு நாங்க சொல்லணுமா?"

சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்த குட்டான் அதை நிறுத்திவிட்டு ஆலோசகரைப் பார்த்தான்.

"வேண்டாம் கண்ணு. உங்க மனசுல என்ன இருக்குன்னு கேட்பாங்க. யார் வேணும்னு பொறுக்கி எடுக்கிற வேலை உங்களோடது இல்ல."

வண்டுவுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. கூடவே அடுத்த கேள்வியும் வந்தது.

"அப்பா, அந்த ஊர் எப்படி இருக்கும்?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் போனதே இல்ல."

"அம்மா, உனக்கு?"

"இன்டர்வியூவுக்குப் போனப்ப ஆஸ்பத்திரியைப் பார்த்தேன். வேற ஒண்ணும் பார்க்கல."

"அட, பார்க்காத ஊருக்கா இத்தனை நாளா சண்டை போடறீங்க? போய்ப் பார்த்துட்டு வந்து போடலாமே!"

ஆலோசகர் சிரிப்பை மறைக்க இருமினார். அந்த இருமல் லேசில் நிற்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு நான்கு பேரும் ரயில் ஏறினார்கள். அம்மா போனில் பேசி வைத்திருந்த வாடகை வீட்டில் அப்பா எல்லா ஜன்னலையும் திறந்து மூடினார். கட்டடத்தின் லிஃப்டில் மேலும் கீழும் போய்வந்து, "சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா பயமில்ல" என்றார். குட்டான் படிக்கட்டுக் கைப்பிடியைக் கடித்துப் பார்த்து, "உப்பு" என்றான்.

பிறகு பள்ளிக்கூடம் பார்க்கப் போனார்கள். கதவு பூட்டியிருந்தது. மைதானத்தில் ஈ காக்கைகூட இல்லை.

"இன்னிக்கு ஏன் பூட்டியிருக்கு?" என்று காவலாளியிடம் கேட்டாள் வண்டு.

"சனிக்கிழமையாச்சே பாப்பா. இங்க எப்பவும் சனி, ஞாயிறு லீவுதான்."

வண்டு அப்படியே நின்றாள். பிறகு எல்லோரையும் இழுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனாள். டிக்கெட் கொடுப்பவரிடம், "வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டதும் ஏறினா எங்க ஊருக்கு எப்ப போகலாம்?" என்று கேட்டாள்.

"ராத்திரி சாப்பாட்டுக்குப் போயிடலாம்."

"அப்பா! நம்ம ஊர்ல சனிக்கிழமை ஸ்கூல் உண்டு. அதனால உங்களுக்கு ஞாயிறு மட்டும்தான். இங்க வந்தா வெள்ளிக்கிழமை ராத்திரியே உங்க வீட்டுக்கு வந்துடலாம். ரெண்டு நாள் முழுசா உங்களுக்கு!"

அம்மா யோசித்தாள். "ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். பெரிய லீவுல பாதி அப்பா வீட்டுல. நானே கொண்டுவந்து விடறேன்."

அப்பா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப புதன்கிழமை?"

"அது போயிடும்ப்பா" என்றாள் வண்டு மெதுவாக. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, புதன்கிழமை போன் பண்றேன்" என்றார் அப்பா. "உனக்கு என்னென்ன தோணுதோ எல்லாம் கேளு."

"காது வலிக்கும்ப்பா."

"வலிக்கட்டும்."

அம்மாவும் அப்பாவும் ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்ததைப் படித்த நீதிபதி, பிள்ளைகளைத் தன் அறைக்கு அழைத்து, "இதுல உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். வண்டு தலையாட்டினாள். பிறகு, "சரிப்பட்டு வரலேன்னா மாத்தலாமா?" என்றாள்.

"வந்து சொல்லுங்க, மாத்தலாம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் நீதிபதி.

புது ஊருக்குப் போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை. ரயில் நிற்கும் முன்பே அப்பா பெட்டியோடு சேர்ந்து ஓடிவந்தார். தூங்கி வழிந்த குட்டானை அம்மா இறக்கிக் கொடுக்க, அவர் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"அப்பா, சனிக்கிழமை காலையில எவ்வளவு நேரம் தூங்கலாம்?" என்று கேட்டாள் வண்டு.

அப்பா சிரித்தார். "தெரியலையே! நாளைக்குத் தூங்கிப் பார்த்துடுவோம்."