முன் சீட்டில் என் முறை

பதினோரு மாதம் கழித்து மறுபடி வேலைக்குப் போனேன். முதல் இரவு ஷிஃப்ட் முடிந்து காலை ஆறேகாலுக்கு வெளியே வந்தபோது, கேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வேன் நின்றிருந்தது.

அதே வேன்தான். முன்பக்கத்தை மட்டும் மாற்றி வெள்ளை அடித்திருந்தார்கள். பழைய வெள்ளையும் புது வெள்ளையும் சேருகிற இடத்தில், கதவை ஒட்டி ஒரு கோடு தெரிந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

"ஏறுக்கா. நின்னுட்டே தூங்கிடாத," என்றாள் கோந்து. லேபிள் ஒட்டுகிற பிரிவில் இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

எங்களுடையது கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலை. வெளிச்சப் பலகைக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும் பாட்டில்களில் கீறல் தேடுவது என் வேலை. கூடப்பிறந்த என் அக்காவுக்கும் அதே வேலைதான். ஷிஃப்ட் முடிந்து கண்ணை மூடினாலும் இமைக்குள் பாட்டில்கள் போய்க்கொண்டே இருக்கும்.

வீட்டுக்கு முக்கால் மணி நேரப் பயணம். வளைவே இல்லாத நேர் ரோடு. இளவெயில் முகத்தில் அடிக்கும், எஞ்சின் ஒரே சுருதியில் ஓடும். டிரைவரும் எங்களைப் போலவே விடிய விடிய விழித்தவர். அதனால் நாங்களாகவே ஒரு வழக்கம் வைத்திருந்தோம். வாரத்துக்கு ஒருவர் முன் சீட்டில் உட்கார்ந்து டிரைவரைப் பேசவைக்க வேண்டும். யாருக்கு எந்த வாரம் என்று எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தோம்.

அதற்கு அக்காதான் விதி வகுத்தாள்.

"கதை சொல்லாதீங்கடி, தாலாட்டு மாதிரி ஆயிடும். கேள்வி கேளுங்க. யோசிச்சு பதில் சொல்ற கேள்வியா கேளுங்க."

கண்ணுக்குக் கீழே தலைவலித் தைலத்தைத் தடவிக்கொண்டு உட்காருவாள். "அண்ணே, உங்க வீட்டுல மாடிப்படி எத்தனை?"

"தெரிஞ்சு என்ன பண்ணப்போற, திருட வர்றியா?" என்பார் பழைய டிரைவர்.

"உங்க வீட்டுல திருட என்ன இருக்கு, உங்க மீசையத் தவிர?"

வேனே சிரிக்கும். அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

பதினோரு மாதத்துக்கு முன்னால், அந்த வாரம் முன் சீட் என் முறை. ஆள் குறைவு என்று எங்கள் இரண்டு பேரையும் ஓவர்டைமில் நிறுத்தியிருந்தார்கள். பதினாறு மணி நேரம். வேன் படியில் கால் வைத்தபோது முழங்கால் மடங்கியது.

"பின்னாடி போய்ப் படுடி, சின்னவளே. உன் முறைய நான் பாத்துக்கறேன்."

நான் போய்ப் படுத்தேன். ரோட்டோரம் நின்றிருந்த லாரி மேல் வேன் மோதியது. டிரைவர் போனார். அக்கா போனாள்.

இப்போது அந்தப் பட்டியல் கதவில் இல்லை. அந்த இடத்தில் 'வேகம் வேண்டாம்' என்று நிர்வாகம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முன் சீட்டில் யாரும் உட்காரவில்லை. ஆளில்லாத சீட்டின் குறுக்கே பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது.

"மாட்டலன்னா பீப் பீப்னு கத்துதாம்," என்றாள் கோந்து. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

பழைய இடத்திலேயே, கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பிப் பத்து நிமிடத்தில் எல்லோர் தலையும் சாய்ந்துவிட்டது. எனக்கும் கண் சொருகியது.

தைல வாசனை வந்தது.

"பதினாலு," என்றார் புது டிரைவர். கொஞ்சம் பொறுத்து, "மூணாவது படி உடைஞ்சிருக்கு. இன்னும் பூசல."

இறங்கும்போது அவரிடம் நின்றேன்.

"தம்பி, போன் பேசிட்டே ஓட்டாதீங்க."

"போனா? அது பெட்டிக்குள்ள கெடக்குதுக்கா. நீங்கதான கேட்டீங்க, மாடிப்படி எத்தனைன்னு?"

"நான் கடைசி சீட்ல இருந்தேன்."

அவர் கண்ணைக் கசக்கினார். "பக்கத்துல கேட்ட மாதிரி இருந்துச்சு. தெனமும் யாராச்சும் கேக்கறீங்க. அது ஒண்ணுலதான் முழிச்சுட்டு ஓட்டறேன்."

அன்று முழுக்க எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஆனாலும் மறுநாள் வேலைக்குப் போனேன். வயிறு பயத்தைக் கேட்டுக்கொண்டா பசிக்கிறது?

ஒன்பது நாள் அப்படியே போனது. கேள்வி எனக்குக் கேட்காது, பதில் மட்டும்தான் கேட்கும். "ரெண்டு பொண்ணு." "சின்னவளுக்கு இடது கை பழக்கம்." நாளாக ஆகப் பதில்களுக்கு நடுவே இடைவெளி நீண்டது. கேட்கிறவளுக்குக் கேள்வி தீர்ந்துவிட்டதா, தெம்பு தீர்ந்துவிட்டதா, தெரியவில்லை.

பத்தாம் நாள் பாதி வழியில் விழித்தேன்.

முன்னால் பேச்சு இல்லை.

எஞ்சின் சத்தம் மட்டும்.

அந்த அமைதியை எனக்குத் தெரியும். போலீசிடமும் மேனேஜரிடமும் பெற்ற அம்மாவிடமும் நான் சொன்னது ஒன்றுதான்: தூங்கிவிட்டேன், எதுவும் தெரியாது. அது பொய். அன்றைக்கும் நான் பாதி வழியில் விழித்தேன். அக்காவின் குரல் நின்றுபோனது எனக்குத் தெரிந்தது. எழுந்து போய் அவளைத் தட்ட வேண்டும் என்றும் தெரிந்தது. ஒரு நிமிடம் கழித்துப் போகலாம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

இன்றைக்கும் உடம்பு அதையேதான் சொன்னது. ஒரு நிமிடம். ஒரே ஒரு நிமிடம்.

கண் மூடியது.

காதோரம் ஈரமான மூச்சு பட்டது. தைலம் கண்ணைக் கரித்தது.

"சின்னவளே."

நான் அசையவில்லை.

"எனக்குத் தூக்கம் வருதுடி."

கோபமில்லை அந்தக் குரலில். பதினாறு மணி நேரம் நின்றவளின் அலுப்பு மட்டும்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எழுந்து ஓடினேன். கால்கள், பைகள், சாப்பாட்டுக் கூடைகள், எதை மிதித்தேனோ தெரியாது. டிரைவரின் தாடை நெஞ்சில் பதிந்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே, ரோட்டோரம் நின்ற ஒரு லாரியின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

அவர் தோளைப் பிடித்து உலுக்கிக் கத்தினேன்.

"உங்க வீட்டுல மாடிப்படி எத்தனை?"

"பதினா..." என்றார். பிரேக்கை மிதித்தார்.

வேன் குலுங்கி நின்றது. லாரிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் நுழைகிற இடம்தான் இருந்தது. யாரோ அழ ஆரம்பித்தார்கள். டிரைவர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, "ராத்திரி பூரா மூணு டிரிப்புக்கா, மூணு டிரிப்பு," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்போது, எனக்குப் பக்கத்தில், 'டிக்' என்று ஒரு சத்தம்.

முன் சீட்டின் பெல்ட் கழன்று, மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது.

சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடாக இருந்தது.

உட்கார்ந்தேன். பெல்ட்டை மாட்டிக்கொண்டேன்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மாற்று டிரைவர் கேட்டு எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். பரிசீலனையில் இருக்கிறதாம். மற்றவர்கள் முறை போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். தினமும் நான்தான் உட்காருகிறேன். டிரைவருடைய பிள்ளைகளின் செருப்பு அளவு வரைக்கும் கேட்டாகிவிட்டது.

கடைசி சீட் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் பக்கத்துக் கண்ணாடியில், தலை சாய்க்கிற உயரத்தில், மூச்சுக்காற்றின் ஆவி படிகிறது, மறைகிறது, மறுபடி படிகிறது. பின்னாலிருந்து அக்காவின் மெல்லிய குறட்டை எனக்குக் கேட்கும். தூங்கட்டும், பாவம்.

ஆனால் அலுப்பில் சில காலைகளில் என் பேச்சு தானாக நின்றுபோகும்.

அந்த நொடியே குறட்டையும் நின்றுவிடுகிறது.