ஆழமில்லாத ஆறு

"அறிவிருக்கா உங்களுக்கு?"

பாலத்தின் கைப்பிடியோரம் நின்றிருந்தவன் திடுக்கிட்டான். வீச எடுத்திருந்த அடுத்த ஆரஞ்சுப் பழம் கைநழுவி ஆற்றில் விழுந்தது.

திரும்பினான். நர்ஸ் உடுப்பு, குடையில்லை. அந்தக் கண்கள்... வானம் கொட்டிக்கொண்டிருக்க, அழுது தீர்ந்து வறண்டு கிடந்த கண்கள்.

"படகு கவுந்து எங்க அண்ணன் இந்த ஆத்துல கெடக்கான். உடம்புகூட இன்னும் கெடைக்கல. நீங்க பழம் வீசி வெளையாடுறீங்க!"

"வெளையாட்டு இல்லங்க..." என்றான். "நான் கணக்கு ஆராய்ச்சி பண்றவன். தண்ணி எப்படி ஓடும், எங்க சுழிக்கும்னு... ஆரஞ்சு முக்கால்வாசி முங்கித்தான் மிதக்கும். காத்து இழுக்காது, தண்ணியோடவே போகும்."

அவள் கோபம் சட்டென்று வடிந்தது. குரல் இறங்கியது.

"அப்போ... அண்ணன் எங்க போயிருப்பான்னு சொல்ல முடியுமா?"

இதுவரை யாரும் அவனிடம் ஒரு கேள்வியோடு வந்ததில்லை. படித்த காலத்திலிருந்தே அவனுடைய ஆறுகள் காகிதத்தில்தான் ஓடின. அவன் கட்டுரைகளைப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சொந்த அக்காவே, "தண்ணி பள்ளத்தைப் பாத்து ஓடும். இதைச் சொல்லவாடா உனக்குச் சம்பளம்?" என்பாள்.

"முடியும்," என்றான். அந்தக் கண்களிடம் வேறென்ன சொல்வது?

இரவு பகலாகக் கணக்குப் போட்டான். பழங்கள் மிதந்து போய்ச் சேர்ந்த இடமும் கணக்கு காட்டிய இடமும் ஒன்றாக இருந்தன... ஆறு வளையும் இடத்தில், பழைய ஆலைச் சுவரை ஒட்டிய வெளிக்கரை.

அவள் குடும்பமே அங்கே போய் உட்கார்ந்தது. படகுக்காரர்கள் கொக்கி போட்டுத் துழாவினார்கள். அம்மா சேற்றைவிட்டு எழவில்லை. யார் தோள் தொட்டாலும், "வந்துருவான்... அந்தத் தம்பி கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கு," என்றாள்.

வரவில்லை.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க?" அவள் சித்தப்பா அவன் முகத்துக்கு நேரே கையை ஆட்டினார். "எங்க அண்ணிக்கு ஆசையைக் காட்டிக் கொன்னுட்டியே! இனி இந்தப் பக்கம் வந்தே, கால் இருக்காது."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் கொன்றது.

அறைக்கு வந்து டீயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். குடிக்கத் தோன்றாமல் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தான். கரண்டியை எடுத்தான். சுழன்ற டீ மெல்ல அடங்கியது. அடியில் கிடந்த டீத்தூள்... ஓரத்துக்குப் போகவில்லை. நடுவில் வந்து குவிந்தது.

மறுபடி கலக்கிப் பார்த்தான். மறுபடியும் நடுவில்தான்.

மேல் தண்ணீர் வெளிப்பக்கம் போகும். அடித்தண்ணீர் உள்பக்கம் வரும். ஆற்று வளைவிலும் அப்படித்தானே! சமன்பாடு சுலபமாக இருக்கட்டும் என்று, ஆற்றை வெறும் மேற்பரப்பாக, ஒரு காகிதத்தைப் போலவே எண்ணிக் கணக்குப் போட்டிருந்தான்.

மழையிலேயே அவள் வீட்டுக்கு ஓடினான். கதவைத் திறந்தவர் சித்தப்பா.

"நான் சொன்னது தப்பு," மூச்சு வாங்கியது. "என் கணக்குல ஆத்துக்கு ஆழமே இல்லங்க. மெதக்குற பழத்தைப் பாத்துச் சொன்னேன். முங்கினவர் அடித்தண்ணியோடதான் போயிருப்பார். வளைவோட உள்பக்கம், எதிர்க்கரை மணல் திட்டுல தேடணும்..."

கதவு முகத்தில் அறைந்து மூடியது. அவன் போகவில்லை. நனைந்தபடி அங்கேயே நின்றான்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. அவள்.

"இந்தத் தடவையும் இல்லன்னா?"

"தெரியல. இருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

அவனை ஒரு கணம் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். "சித்தப்பா, படகை எடுக்கச் சொல்லுங்க."

மணல் திட்டின் நாணலுக்கு அடியில் அண்ணன் இருந்தான். அம்மாவின் ஓலம் ஆற்றைக் கடந்து கேட்டது. அவளுடைய வறண்ட கண்கள் அன்றுதான் உடைந்தன. அவன் தள்ளி நின்று தலைகுனிந்திருந்தான். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான்.

மழை விட்டுப் போய், மறுபடி வந்தது. அதே பாலம்.

"என்ன ஆரஞ்சு சார், இன்னிக்குப் பழம் போடலையா?"

குடையோடு நின்றாள். அவன் கையிலிருந்த கட்டையைக் காட்டினான்.

"இப்போல்லாம் கனம் கட்டின மரக்கட்டைதாங்க. அடியில போகும்... அம்மா?"

"தூங்குறாங்க. ராத்திரி முழிச்சு வாசலைப் பாக்குறதில்ல." ஆற்றைப் பார்த்தபடியே சொன்னாள். "சித்தப்பா உங்களைக் கேட்டார். 'அந்தச் சுரைக்காய் எப்படி இருக்கு'ன்னு."

அவனுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "முதல்லயே சரியாச் சொல்லியிருந்தா அம்மா அந்தச் சேத்துல..."

"நிறுத்துங்க. நன்றி சொல்ல வரல நான். ஆஸ்பத்திரில எத்தனையோ பெரிய டாக்டருங்களைப் பாக்குறேன். தப்புன்னு சொல்றதுக்காக வீடு தேடி வந்த ஆளைப் பாத்ததில்ல. கதவைச் சாத்தினதுக்கப்புறமும் நின்னீங்களே... ஜன்னல்ல பாத்துட்டே இருந்தேன். அப்பவே எனக்கு..."

"அப்பவே?"

"கணக்குத் தெரிஞ்சவர்தானே? போட்டுக்கோங்க."

"என் கணக்கு முதல் தடவை தப்பாத்தாங்க வரும். வாயாலயே சொல்லிடுங்க."

"பிடிச்சிருக்கு," என்றாள்... மழைச் சத்தத்தில் பாதி கரைந்து போகும்படி.

"எனக்கு... அன்னிக்கு நீங்க திட்டினப்பவே," என்றான் அவன்.

பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து நீட்டினாள். வாங்கியவன் கை, பழக்கத்தில் கைப்பிடிக்கு வெளியே நீண்டது. அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணனைக் கொடுத்தாச்சு. இனி இந்த ஆத்துக்கு ஒண்ணும் கொடுக்குறதா இல்ல. உரிங்க... பாதி எனக்கு."