நெஞ்சில் காது வைத்தவள்

“இதைத்தான் இப்பக் கேட்டுட்டுப் போனீங்களேம்மா,” என்றார் ஜன்னலோரப் படுக்கையில் இருந்த ஓய்வுபெற்ற கண்டக்டர்.

நர்ஸ் அப்போதுதான் கொரோனா வார்டுக்குள் காலடி எடுத்து வைத்திருந்தாள். புதிதாக வந்தவர்களிடம் சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, இதயத்தில் ஏதாவது கோளாறு உண்டா என்று கேட்பது அவள் வேலை. அன்றைக்கு இவர்தான் முதல் ஆள்.

“என்ன கேட்டேன்?”

“ஹார்ட்ல ஏதாச்சும் இருக்கான்னு. ஒரு தடவை அட்டாக் வந்துச்சுன்னேன். உடனே நெஞ்சுல காதை வச்சுக் கேட்டீங்க. நல்ல கனம்மா உங்க தலை.”

அவள் சிரித்து வைத்தாள். ஆக்ஸிஜன் குறைந்தால் மூளை, இல்லாத ஊருக்கெல்லாம் வழி சொல்லும். உச்சி முதல் பாதம் வரை மூடிய அந்தக் கவச உடையில் ஸ்டெதாஸ்கோப்பைக்கூடக் காதில் மாட்ட முடியாது. இதில் நோயாளியின் நெஞ்சில் யார் போய்த் தலையைச் சாய்ப்பார்கள்? மத்தியானம் பிஸ்கட் கேட்டு வாங்கித் தின்ற மனிதர், சாயங்காலம் டீ வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மறுநாள் தையல்கார அம்மா. இதயக் குழாயில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர். “எத்தனை தடவைதான் கேப்பீங்க? அதான் காதை வச்சுப் பார்த்தாச்சுல்ல,” என்று அலுத்துக்கொண்டார். பக்கத்துப் படுக்கை லாரி டிரைவருக்கு இதயத்தில் ஒரு குறையும் இல்லை. “என்கிட்டயும் கேட்டீங்க. இல்லன்னேன். பேசாம அடுத்த பெட்டுக்குப் போயிட்டீங்க,” என்றார் அவர். டிரைவர் தேறி, தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார். தையல்கார அம்மா அன்றே அடங்கிவிட்டார்.

மற்ற நர்ஸுகளை விசாரித்தாள். யாரும் அந்த நோயாளிகளிடம் எதையும் கேட்டிருக்கவில்லை. டாக்டரிடம் சொன்னபோது, அவள் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று பார்ப்பதுபோல் பார்த்தார். “ஏற்கனவே தள்ளாடுற இதயம்மா. நுரையீரல் படுத்துக்கிட்டா அதுதான் கூடுதலா இழுக்கணும். போதாததுக்குக் கிருமி இதயத்தையும் தாக்குது. இவங்களைத்தான் அதிகமா பறிகொடுக்கறோம், எல்லா ஆஸ்பத்திரியிலயும்.” அத்தனையும் உண்மை. யாருக்கும் சந்தேகம் வராத சாவுகள். அந்த உண்மையின் மறைவில் எது வேண்டுமானாலும் நின்றுகொள்ளலாமே என்று நினைத்தாள்.

அப்புறம் அவளுடைய அண்ணனைக் கொண்டுவந்தார்கள்.

அப்பா போனபிறகு அவளைப் படிக்கவைத்த அண்ணன். இதயத்தில் பைபாஸ் ஆபரேஷன் ஆனவன். அவள் டாக்டரிடம் எதையும் மறைக்கவில்லை. மருந்துகளையும் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தாள். பிறகு அண்ணன் பக்கம் குனிந்தாள்.

“அண்ணா, இனிமே யார் வந்து கேட்டாலும் ஹார்ட்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லிடு. டாக்டருக்குத் தெரியும். அது போதும்.”

“ஏன், எனக்குப் பொண்ணு பார்க்கறியா?” என்றான், மூச்சு வாங்க.

“விளையாடாத. சத்தியம் பண்ணு.”

அவள் கையுறை மேல் அடித்துச் சத்தியம் செய்தான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவனை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

பொழுது சாய்ந்தது. ஆக்ஸிஜன் ஓடும் ஓயாத இரைச்சலுக்கும், கிருமிநாசினி நெடிக்கும், கவசத்துக்குள்ளேயே சுற்றிவந்த தன் மூச்சின் புளித்த வாடைக்கும் நடுவே, ஜன்னல் கண்ணாடியில் மஞ்சள் வெளிச்சம் மங்கி மங்கிக் கட்டில்களின் நிழல்கள் தரையில் நீண்டு ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டிருந்த நேரத்தில், வரிசையின் மறுகோடியில் ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தவளுக்கு அண்ணனின் பேச்சுக்குரல் கேட்டது. தணிந்த குரல். நடுவில் லேசான சிரிப்பு.

திரும்பிப் பார்த்தாள். அவன் கட்டிலருகே யாரும் இல்லை.

ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு ஓடினாள். கவசம் காலைத் தடுத்தது. முகக் கண்ணாடி முழுக்க மூச்சின் ஆவி.

“யார்கிட்ட பேசின?”

அண்ணன் நிமிரவில்லை. தன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணா. யார்கிட்ட?”

“உன்கிட்டதான். வேற யார்கிட்டயும் சொல்லல, சத்தியமா. நீ கேட்டதால ஆபரேஷன் பத்திச் சொன்னேன்.”

“நான் இங்க நிக்கறேன்.”

மெல்லத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். மறுபடி நெஞ்சைப் பார்த்தான்.

“அப்ப இது?”

போர்வை அவன் நெஞ்சின் நடுவே ஒரு தலையளவுக்கு அமுங்கியிருந்தது. மூச்சு அதைத் தூக்கப் பார்த்தது. முடியவில்லை. அதற்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், வெறும் காற்றை அவன் கை தடவிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் அவளைத் தூங்கவைக்கத் தலையைத் தடவுவானே, அப்படி. அவன் கண்கள் பயத்தில் விரிந்தன.

கை நிற்கவில்லை.