சவுக்குத் தோப்பில் கடைசி ஆள்

காரைக்காலில் மவுண்டன் பைக் வாங்கியவனைப் பார்த்து யார்தான் சிரிக்க மாட்டார்கள்? "மலை எங்கப்பா இருக்கு, மார்க்கெட்டுக்குள்ளயா?" என்று தலத்தெரு டீக்கடையில் கேட்காத ஆள் இல்லை. செம்பியன் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மலை இல்லாவிட்டால் போகட்டும். திருவேட்டக்குடிக்குக் கிழக்கே, கடலுக்குச் சற்று முன்னால், சுனாமிக்கு அப்புறம் நட்ட சவுக்குத் தோப்பு ஒன்று இருந்தது. உள்ளே போனால் மணல்மேடு, குறுக்கே பாம்பு மாதிரி கிடக்கும் வேர்கள், திடீர்ப் பள்ளங்கள். நடுவில் ஒரு வாய்க்கால், அதன்மேல் இரண்டு பனந்துண்டுகளைப் போட்ட பாலம். மலையில் ஓட்டிப் பழகியவனுக்கே கை உதறும்.

ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே மூன்று பேர் வந்து இறங்கினார்கள். செம்பியன், அவனோடு காலேஜில் படித்த கவியா, அவளுடைய தம்பி அஷ்வின். வானம் சாம்பல் பூசியது போல இருந்தது. வெளிச்சம் இருந்தும் எதற்கும் நிழல் விழவில்லை.

அஷ்வினுக்கு இந்தப் பாதை முதல் தடவை. அதற்கென்றே புது ஷூ வாங்கியிருந்தான். பெடலில் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும் ஷூ. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் கழலும்.

"இது வேணாம்னு சொன்னேன்ல? விழுந்தா கால் வராதுடா" என்றாள் கவியா.

"விழறது உன் டிபார்ட்மென்ட், அக்கா."

"வாய் இருக்கே வாய். செம்பி, இவன நடுவுல போடு. நான் கடைசில வரேன்."

வீட்டிலிருந்து கிளம்பும்போது அக்கா தம்பி இருவருடைய அம்மா நீலாயதாட்சி வாசல்வரை வந்து செம்பியனிடம்தான் சொன்னாள். "முன்னாடி போறது நீதானே தம்பி? அவன நீதான் பத்திரமா கொண்டாந்து விடணும்."

"கொண்டாந்துடுறேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான்.

தோப்பு வாயில் சவுக்குச் சருகு அள்ளும் பெண்கள் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் தாமரைச்செல்வி என்பவள் அரிவாளைத் திருப்பிப் பிடித்து மரத்தில் மூன்று தட்டு தட்டினாள். டொக், டொக், டொக். கொஞ்சம் பொறுத்து, தோப்புக்குள்ளிருந்து அதே மாதிரி மூன்று தட்டு திரும்பி வந்தது. உள்ளே இருக்கும் கூட்டாளி பதில் தட்டினாளாம்.

"வாய்விட்டுக் கூப்பிட்டா ஆகாதாக்கா?" என்றான் அஷ்வின்.

"இதுதான் தம்பி எங்க டவரு" என்று சிரித்தாள். அப்புறம் மூன்று சைக்கிளையும் பார்த்தாள். "நீங்க சத்தம் போட்டுக்கிட்டா போவீங்க?"

"ஆமாங்க்கா, அதுதான் எங்க ரூலு" என்றான் செம்பியன்.

அவள் சிரிப்பு நின்றது. சருகுக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

ரூல் இதுதான். முன்னால் போகிறவன் எதைப் பார்த்தாலும் கத்திச் சொல்ல வேண்டும். பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராக அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். கடைசி ஆள் அதோடு 'கடைசி' என்று சேர்த்துச் சொல்வார். 'கடைசி' காதில் விழுந்தால் எல்லோரும் வந்துகொண்டிருக்கிறார்கள். விழவில்லை என்றால் பின்னால் யாரோ மிச்சம் இருக்கிறார்கள், முன்னால் போகிறவன் நின்று காத்திருக்க வேண்டும். இதெல்லாம் எதற்கென்றால், முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கவே கூடாது. கண் போகிற பக்கம்தான் சக்கரமும் போகும்.

"வேர்!" என்றான் செம்பியன்.

"வேர்!" அஷ்வின்.

"வேர், கடைசி! மெதுவா போடா எரும!" கவியா.

செம்பியன் சிரித்துக்கொண்டே மிதித்தான். டயர் காற்றைக் குறைத்திருந்ததால் ஈர மணல் பிடி கொடுத்தது. உள்ளே போகப் போக வெளிச்சம் குறைந்தது. சவுக்கு மரங்கள் காற்றில்லாமலே ஊ என்று இரைந்தன. நனைந்த சருகு வாடையோடு அழுகிய சேற்று வாடையும் கலந்து வந்தது. வாய்க்கால் நெருங்கிவிட்டது.

"பாலம்! எதிர்க்கரையப் பாரு, தண்ணியப் பாக்காத!"

"பாலம்!"

"பாலம், கடைசி! அஷ்வினு, மூச்ச விடுடா!"

பனந்துண்டு வழுக்கியது. செம்பியன் மூச்சைப் பிடித்துக் கடந்து மேட்டில் ஏறினான். மேட்டைத் தாண்டி இறங்கும்போது பின்னால் ஏதோ தொப்பென்று விழுந்த மாதிரி இருந்தது. அலைச் சத்தமாகவும் இருக்கலாம்.

"ஓகேவா?" என்று கத்தினான்.

"ஓகேவா!" என்றது அஷ்வின் குரல்.

"ஓகேவா, கடைசி!" என்றது கவியா குரல்.

கேள்வி கேட்டால் அதையும் திருப்பிச் சொல்கிறார்கள். அக்காவும் தம்பியும் சேர்ந்து கிண்டல் பண்ணுகிறார்கள் என்று நினைத்தான். வாய்விட்டுச் சிரித்தான். மிதித்தான்.

"பள்ளம்!"

"பள்ளம்!"

"பள்ளம், கடைசி!"

ஒன்றுக்குப் பின் ஒன்றாக, இடைவெளியே இல்லாமல், அளந்து வைத்த மாதிரி வந்தன. இருவருக்கும் மூச்சு வாங்கவில்லை. கவியா எருமை என்று சொல்லவில்லை. அது அவனுக்கு உறுத்தியது. ஏன் என்று யோசிப்பதற்குள் அடுத்த மேடு வந்துவிட்டது.

"கிளை!"

அது அவன் சொன்னது இல்லை.

பின்னாலிருந்து வந்தது. கழுத்துக்கு அருகிலிருந்து வந்தது. அவன் சட்டென்று குனிந்தான். முறிந்து தொங்கிய கிளை ஒன்று ஹெல்மெட்டை உரசிக்கொண்டு போனது. முன்னால் போகிறவன் கண்ணுக்கே படாததைப் பின்னால் வருகிறவர்கள் எப்படிப் பார்த்தார்கள்?

"கிளை, கடைசி" என்றது கவியா குரல், மிக நிதானமாக.

மரங்கள் விலகின. கடற்கரை வந்தது. மணலில் பிரேக் பிடித்துக் காலை ஊன்றினான். அவனுக்குப் பின்னால் இரண்டு சைக்கிள்கள் மணலைக் கிழித்துக்கொண்டு வந்து நிற்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பெடலிலிருந்து ஒரு ஷூ டக்கென்று கழலும் சத்தமும் கேட்டது.

"என்னடா அஷ்வின், எப்படி இருந்துச்சு?" என்று திரும்பினான்.

யாரும் இல்லை.

ஈர மணலில் ஒரே ஒரு டயர் தடம்தான் இருந்தது. அது அவனுடையது.

அப்போதுதான் தோப்புக்குள் வெகு தூரத்திலிருந்து அது கேட்டது. தொண்டை கிழிந்துபோன ஒரு குரல். "செம்பீ..."

சைக்கிளைத் திருப்பி வந்த வழியே பாய்ந்தான். இப்போது அவன் எதையும் கத்திச் சொல்லவில்லை. ஆனாலும் பின்னால் ஆரம்பித்துவிட்டது.

"வேர்!"

"வேர், கடைசி!"

வாயை இறுக்க மூடிக்கொண்டு மிதித்தான். முகத்தில் சருகு அடித்தது. பின்னால் அஷ்வின் குரல் தணிந்து, கெஞ்சலாக வந்தது.

"செம்பிண்ணா, நில்லுங்க. நாங்க இங்கதான இருக்கோம். எங்க போறீங்க?"

கை தானாகப் பிரேக்கை அழுத்தியது. ஒரு கணம் எது நிஜம் என்று அவனுக்குப் புரியவில்லை.

"எரும! எங்கடா போன!" முன்னாலிருந்து, வாய்க்கால் பக்கமிருந்து, அழுகையும் கெட்ட கோபமுமாக வந்தது. உயிரோடு இருக்கிற ஒருத்தியின் குரல்.

பிரேக்கை விட்டான்.

கவியா மார்பளவுத் தண்ணீரில் நின்று சைக்கிளின் பின்சக்கரத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். அஷ்வின் தெரியவில்லை. ஹேண்டில் மட்டும் சேற்றிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. செம்பியன் குதித்தான். கலங்கிய தண்ணீருக்குள் தடவினான். பெடலும் அதில் மாட்டிய ஷூவும் கைக்கு வந்தன. குதிகாலைத் திருப்பினான். சேறு விடவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த தாமரைச்செல்விதான் கரையில் கவிழ்ந்து படுத்து அரிவாளை நீட்டினாள். ஷூவின் பட்டையை அறுத்துத்தான் எடுத்தார்கள்.

கரையில் போட்டு நெஞ்சை அழுத்தினான் செம்பியன். கை ஓயும்வரை அழுத்தினான். அஷ்வின் வாயிலிருந்து சேற்றுத் தண்ணீர் வந்தது. மூச்சு வரவில்லை.

"ஓகேவான்னு கேட்டல்ல?" என்றாள் கவியா. "இல்லடா, வாடான்னு கத்துனேன். நீ சிரிச்ச. நீ சிரிச்சது எனக்குக் கேட்டுச்சு செம்பி."

அப்போது தன் காதில் விழுந்தது என்ன என்பதை அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

தாமரைச்செல்வி முந்தானையால் அஷ்வின் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரையும் பார்க்காமல், உதடு மட்டும் அசைய, மெல்லச் சொன்னாள். "உள்ள நாங்க வாயத் தொறக்க மாட்டோம் தம்பி. சுனாமி அன்னிக்கு அலையில போனவங்க ஒருத்தர ஒருத்தர் கூப்பிட்டுக்கிட்டேதான் போனாங்க. இங்க கூப்பிட்டா பதில் மட்டும் வரும்."

ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. நீலாயதாட்சி அழவில்லை. வராந்தாவில் நின்ற செம்பியன் பக்கத்தில் வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"முன்னாடி போனது நீதானே தம்பி?"

அதற்கப்புறம் அவன் அந்த சைக்கிளைத் தொடவில்லை. கார்த்திகையில் ஒருநாள் மோட்டார் பைக் ஸ்டார்ட் ஆகவில்லை, வேலைக்கு நேரமாகிவிட்டது, வேறு வழியில்லாமல் எடுத்தான். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை முடிந்து அவன் வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. லாரிகள் வரிசையாக நின்றன. காற்றில் கரித்தூள் நெடி. ரோட்டில் மனிதர்கள் இருந்தார்கள். இங்கே சவுக்கு இல்லை, ஒரு மரம்கூட இல்லை. அந்தத் தைரியத்தில் மிதித்தான்.

லாரிச் சக்கரம் தோண்டிய பெரிய பள்ளம் ஒன்று எதிரே வந்தது. ஹேண்டிலைத் திருப்பினான். பழக்கதோஷம். வாய் முந்திக்கொண்டது.

"பள்ளம்!"

பின்னால் ஒரு சைக்கிள் செயின் ஓடும் சத்தம்.

"பள்ளம்!" என்றது அஷ்வின் குரல். இந்தத் தடவை மூச்சு வாங்கியது.

செம்பியன் பிரேக் பிடித்தான். காலைத் தரையில் ஊன்றினான். திரும்பிப் பார்க்கவில்லை. ரூல்படி அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தான். ஒரு லாரி கடந்து போனது. இன்னொரு லாரியும் கடந்து போனது.

'கடைசி' வரவில்லை.