முகம் பார்க்காத ராஜாக்கள்

"வாப்பா, ரெண்டு ராஜாவும் ஏன் நேருக்கு நேரா நிக்கல்ல?"

சதுரங்கப் பலகையருகே ஒருகாலத்தில் அப்படிக் கேட்ட சிறுமி ஷாஜிதா, வளர்ந்த பெண்ணாக ரசலையன் வீட்டு வாசலில் மூச்சிரைக்க நின்றாள்.

"மாமா, வாப்பாவக் கட்டிவச்சு அடிக்காங்க! ஞானையன் மாமாவக் கொன்னுட்டாராம். நீங்க வரல்லேன்னா உயிரோட விடமாட்டாங்க!"

ரசலையன் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். அவர் மகன் அம்மை கண்டு கிடந்தபோது ஊரே விலகி நின்றது. ஆனால் தினமும் விடியுமுன் வாசலில் இரண்டு இளநீர் இருக்கும். வைத்தவர் ஷாஜிதாவின் தகப்பனார் மீரான். அதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ரசலையன் நண்பன் செல்வதாசுடன் வடசேரிக்கு ஓடினார். சதுரங்கப் போட்டி மண்டபத் தூணில் மீரானைக் கட்டியிருந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வாயில் ரத்தம் ஒழுகியது. ஞானையனோடு இறுதி ஆட்டம் ஆடக் காலையிலேயே வந்தவரை ஊர் பிணத்தருகே கண்டிருந்தது.

"அடுத்த அடி எனக்கு விழட்டும்," என்று குறுக்கே நின்றார் ரசலையன். கம்புகள் தாழ்ந்தன.

உள்ளே ஞானையன் மண்டை பிளந்து கிடந்தார். அருகே ரத்தம் தோய்ந்த கடப்பாரை. பலகையில் மட்டும் காய்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன.

"ஆட உக்காந்த எடத்துலயே மீரான் அடிச்சிட்டான்," என்றார் போட்டியை நடத்திய ஜான்ரோஸ். வெள்ளைக்காரத் துரைமார் பங்களாவில் ஆட்டம் பயின்றவர் அவர். நாட்டு ஆட்டத்தில் ராஜா ஒருமுறை குதிரைபோலத் தாவலாம் என்பதை மறந்து, முந்தின நாள் ஞானையனிடம் தோற்றிருந்தார்.

ரசலையன் ஒரு காயைத் தூக்கினார். அடியிலிருந்த கட்டத்தில் ரத்தம்.

"அண்ணாச்சி! ரத்தம் சிந்தின பெறகுல்லா அடுக்கியிருக்கு!" என்றான் செல்வதாஸ்.

"ஆமா மக்கா. செதறின காய்கள கொன்னவன்தான் அடுக்கியிருக்கான், மீரான் ஆட வந்தாருன்னு காட்டுகதுக்கு. ராஜாக்களப் பாரு."

இரண்டும் நேருக்கு நேர் நின்றன.

"நம்ம ஆட்டத்துல ராஜாவுக்கு எதிர மந்திரி. மீரான் கண்ண மூடிட்டு அடுக்கினாலும் அது தப்பாது. துரைமார் ஆட்டத்துலதான் ராஜா ராஜாவப் பாக்கும். இந்த ஊர்ல அத ஆடுகவரு நீரு ஒருத்தர்தாம், ஜான்ரோஸ்."

ஜான்ரோஸ் கடப்பாரையை எடுத்து வீசினார். ரசலையனின் தோளெலும்பு முறிந்தது. செல்வதாஸ் பாய்ந்து ஜான்ரோஸைத் தரையில் அழுத்தினான்.

"நான் தோத்ததுக்குச் சிரிச்சாம்ல! ஊரக் கூட்டிவச்சுச் சிரிச்சாம்ல!" என்று கதறினார் ஜான்ரோஸ்.

ஷாஜிதா வாப்பாவின் கட்டை அவிழ்த்தாள். "ஒங்களுக்கு நாங்க என்ன செய்யணும் மாமா?"

"ஒண்ணும் வேண்டாம் மக்ளே. வாப்பாவப் பாத்துக்கோ."

மறுநாள், கோட்டாற்றுத் தெரு விழிக்குமுன், ஒரு கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்ட மனிதர் மீரான் வீட்டு வாசலில் இரண்டு இளநீரை ஓசையில்லாமல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.