பந்தல் வாழையில் ஒடிந்த பூ

வடக்குப்பட்டில் கனகத்தின் கல்யாணம். ஐப்பசித் தூறல். மாப்பிள்ளை வீட்டு வேன் வர அரை மணி இருக்கும். வாசலை எட்டிப் பார்த்த தங்கை காந்திமதி அப்படியே நின்றுவிட்டாள்... பந்தலில் கட்டியிருந்த வாழையின் பூ எவனோ ஒருவன் கையில் ஒடிந்து கிடந்தது!

"யோவ் திருடா! இன்னா காரியம் பண்ணிக்கினு கீறே?"

பந்தலே திரும்பிப் பார்த்தது. அவன் மிரண்டான். பெரிய கண்கள்... கோபத்திலும் அவள் அதைக் கவனித்துத் தொலைத்தாள்.

"திருடலைங்க. என் பேரு ரகுபதி. மெட்ராஸ் காலேஜ்ல செடிகொடி ஆராய்ச்சி. பஸ்ஸுக்கு நின்னேன், ஒரு மடலை மட்டும் தூக்கிப் பார்த்தேன்... ஒடிஞ்சிடுச்சு."

"உள்ள இன்னா கீது, தங்கமா?"

"மகரந்தத் தாளுங்க, மகரந்தம் தாங்குற காம்பு. வாழைக்கு அஞ்சு. இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் ஒண்ணு. கல்வாழைக்குப் பாதிதான். பழைய புத்தகத்துல எல்லாம் ஒரே குடும்பம், புதுசுல தனித்தனியா பிரிச்சிட்டாங்க. எது சரின்னு..."

"மூளி வாழையைப் பார்த்தா மாப்ள வூட்டுக்காரங்க எங்க அக்காவைத்தான் பிரிப்பாங்க!" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் ஒடிந்த பூவைக் கீழே வைத்தான். மழையில் ஓடினான். எதிர்த் தோட்டத்துக்காரரிடம் கெஞ்சி, குலையும் பூவுமாக ஒரு வாழையைத் தோளில் சுமந்து வந்தான். வேன் வந்து நிற்பதற்குள் அவனே கட்டியும் முடித்தான். வெள்ளைச் சட்டையெல்லாம் வாழைக்கறை. இனி எந்த சோப்புக்கும் போகாது.

தாலி கட்டி முடிந்ததும் அப்பா கன்னியப்பனே அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார். "திருடனுக்கு எதுக்குங்க இலை?" என்று சிரித்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான். காந்திமதிக்குச் சுருக்கென்றது. போனால் போகட்டும் என்று பந்தியில் சாம்பார் ஊற்றினாள். இலை தாண்டி ஊற்றினாள்... வீம்பு எவ்வளவு நேரம் தாங்கும்? வாளியை வைத்துவிட்டு ஓடினாள்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அவன் ஒரு காலைப் படியில் வைத்திருந்தான்.

"நாலு பேர் எதிர்ல திருடன்னது தப்புதாங்க. சாப்பிட வாங்க."

"பரவாயில்லைங்க. இந்த பஸ்ஸை விட்டா ராத்திரிதான்..."

"சரி, போங்க. ஆனா ஒண்ணு..." இமையில் மழைத்துளி நின்றது. அவள் துடைக்கவில்லை. "அக்காவுக்கு முடிஞ்சிது. எங்க வூட்ல அடுத்தது நான்தான். எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு. பெரியவங்களோட வந்து கேளுங்க."

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் அவனில்லாமல் போனது.

"எனக்கு அப்பவே புடிச்சிப் போச்சுங்க," என்றான் ரகுபதி. "நீங்க திருடான்னு கத்தினீங்களே... அப்பவே."